லிட்டருக்கு முப்பது பைசா

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, வெண்துளி பால் கம்பெனியின் முதலாளி அப்துல் வஹீது இரண்டு பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒருத்தி கணக்குப் பிரிவைப் பார்க்கும் முத்துமீனா. இன்னொருவன் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் விக்ரம். பழங்காநத்தத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் முதலாளி அறை என்பது பாதி உயரத்துக்குப் பலகை வைத்து மறைத்த ஒரு மூலைதான். உள்ளே பேசினால் வெளியே எல்லோருக்கும் கேட்கும்.

வஹீது ஒரு தாளை மேசையில் தள்ளினார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி மாசம் ஒன்னே முக்கால் லட்சம். போன மாசம் அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம். பால் எம்புட்டுக் கூடியிருக்கு? நூத்துக்குப் பன்னெண்டு. இது மட்டும் எப்படித் தம்பி மூணு மடங்காச்சு?"

அது கிளவுட் பில். கம்பெனிக்கென்று சொந்தமாகப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, நெட் வழியாக வேலை வாங்குகிறார்கள். ஓடுகிற நேரத்துக்கும் சேர்த்துவைக்கிற தகவலுக்கும் மாதாமாதம் வாடகை.

"சார், ரெண்டு வருசமா நம்ம சிஸ்டம் ஒரு தடவகூட நிக்கல," என்றான் விக்ரம்.

"நிக்கலைங்கிற. சரி. ஓடி என்ன பண்ணுச்சு?"

விக்ரம் பதில் சொன்னான். எத்தனை கோடி பதிவுகள், எத்தனை நொடியில் பதில் என்றெல்லாம் சொன்னான். வஹீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு முத்துமீனா பக்கம் திரும்பினார்.

"தம்பி சொல்றது பொய்யில்ல. ஆனா எனக்கு அந்த பாஷை வெளங்கலம்மா. நீ பால் பாஷையில சொல்லு. இந்தக் காசுக்கு நமக்கு என்ன வந்துச்சு? ஜூன் மாசத்துக்குள்ள சொன்னாப் போதும். வரலைன்னா நிப்பாட்டிருவோம்."

முத்துமீனாவுக்கு முப்பத்தாறு வயது. அவள் அப்பா அம்மா இருவரும் பேரையூர் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவள் தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பில் அடித்துக்கொண்டே காஸ்ட் அக்கவுண்டன்சி முடித்தாள். வெண்துளிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எதையும் லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

இதையும் வகுத்தாள். ஒரு நாளைக்கு அறுபதாயிரம் லிட்டர், மாதத்துக்குப் பதினெட்டு லட்சம் லிட்டர். கிளவுட் செலவு லிட்டருக்கு முப்பது பைசா. எல்லாச் செலவும் போக லிட்டருக்கு ரெண்டு ரூபாய் நிற்கிற தொழிலில் முப்பது பைசா சின்னத் தொகை இல்லை.

எதற்கு எத்தனை பைசா என்று பிரிக்க அவளுக்கும் விக்ரமுக்கும் பத்து நாள் பிடித்தது. ஊர் ஊராகப் பால் வாங்கும் மையங்களில் மாடு வைத்திருப்பவர்கள் பால் ஊற்றும்போது அளவையும் கொழுப்பையும் பதிகிற ஆப்புக்கு ஏழு பைசா. மையங்களில் பாலைக் குளிரவைக்கும் கூலர் தொட்டிகளின் சூட்டைக் கண்காணிக்க ஒன்பது. மறுநாள் எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் போகும் என்று முன்கூட்டிக் கணிக்கிற ஏற்பாட்டுக்குப் பத்து. மீதி நாலு பைசா எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

தேடிப் பார்த்ததில், வேலையை விட்டுப்போன ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன் சோதனைக்கென்று தொடங்கிய இரண்டு கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் எதுவும் இல்லை. மாதம் எழுபத்திரண்டாயிரம்.

விக்ரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பாத்திருக்கணும்க்கா."

"இப்பப் பாத்தாச்சுல்ல. அணை."

பதிகிற ஆப்பைப் பற்றிக் கேள்வி இல்லை. அது இல்லாவிட்டால் பால் ஊற்றியவர்களுக்குப் பணப் பட்டுவாடாவே கிடையாது. அடுத்து அவள் திருமங்கலம் ரோட்டில் இருந்த பால் பண்ணைக்குப் போய், பாக்கெட் அனுப்பும் பொறுப்பில் இருந்த கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். கடைகளுக்கான கணிப்பு தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் போனுக்கு வரும். அவர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை என்று வண்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"பாக்குறேனே. யாரு பாக்கலைன்னது?" என்றார் அவர். "சரியாத்தேன் சொல்லுது. எனக்குத் தெரிஞ்சதத்தேன் எனக்கே சொல்லுது."

அவள் தொண்ணூறு நாள் கணக்கை எடுத்து, அவர் போட்ட எண்ணிக்கையையும் மெஷின் சொன்ன எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாதாரண நாளில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. முகூர்த்த நாளில் அவர்தான் ஜெயித்தார். எந்த மண்டபத்தில் எத்தனை கல்யாணம் என்று சமையல்காரர்கள் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தகவல் மெஷினுக்குப் போகவில்லை. பத்து பைசாவுக்கு நேரே 'கிட்டத்தட்ட ஒன்றுமில்லை' என்று எழுதினாள். அது விக்ரம் ஒரு வருடம் உட்கார்ந்து கட்டியது. அவன் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

கூலர்தான் சிக்கலாக இருந்தது.

அறுபது மையங்களிலும் கூலருக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. அது பத்து நொடிக்கு ஒருமுறை பாலின் சூட்டை அனுப்பும். குளிராமல் இருந்தால் மையம் நடத்துகிறவரின் போனுக்குத் தானாகவே அழைப்பு போகும். இந்த ஏற்பாடு வருவதற்கு முந்தின வருடம் நாற்பத்தோரு தடவை பால் கெட்டுப்போயிருந்தது. வந்த பிறகு ஒரு வருடத்தில் ஒன்பது தடவை. விக்ரம் இந்த முப்பத்திரண்டும் தன்னுடைய சென்சாரால்தான் என்றான். வஹீது ஒத்துக்கொள்ளவில்லை.

"அதே வருசம் நாப்பது மையத்துக்குப் புது ஜெனரேட்டர் வாங்கிப் போட்டேன். அதுல மிச்சமானதா, இதுல மிச்சமானதா?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. முத்துமீனா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். இருபது மையங்களில் நாலு வாரத்துக்கு அழைப்பை மட்டும் நிறுத்திவைப்பது. சூட்டுப் பதிவு வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். கூலர் நின்றால் மறுபடி ஓட எத்தனை நேரம் ஆகிறது என்பதை அழைப்பு உள்ள மையங்களோடு ஒப்பிட்டால் அழைப்பின் மதிப்பு தெரிந்துவிடும்.

"மையத்துக்காரங்ககிட்டச் சொல்லிரலாமாக்கா?" என்று கேட்டான் விக்ரம்.

"சொன்னா கூலர் பக்கத்துலயே உக்காந்துக்கிருவாங்க. அப்புறம் என்னத்த அளக்குறது?"

"அப்ப இங்க ஒரு ஆள் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். ரொம்ப ஏறுச்சுன்னா நாமளே கூப்பிட்டுச் சொல்லிருவோம்."

"மெஷின் செய்யிறத ஆளை வச்சுச் செஞ்ச மாதிரி ஆயிரும் விக்ரம். நாலு வாரந்தான. ஜெனரேட்டர் இருக்கு. தினம் சாயங்காலம் நான் பதிவப் பாத்துக்கிறேன்."

வஹீதிடம் ஒரே வரியில் சொன்னாள். அவர் சரி என்றார். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி இருபது மையங்களில் அழைப்பு நின்றது.

முதல் பதினோரு நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு இடத்தில் கூலர் நின்று, அரை மணிக்குள் யாரோ பார்த்து ஓட்டிவிட்டார்கள். முத்துமீனா தன் மனசுக்குள் வஹீதின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவைத் திறந்தாள். திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் ஆலங்கரடு மையத்தின் கோடு மற்ற கோடுகளைப் போல் இல்லை. காலையில் பால் ஊற்றி முடித்து எட்டே முக்காலுக்கு முப்பத்திரண்டு டிகிரியில் தொடங்கிக் கீழே இறங்கியது. நாலு டிகிரிவரை இறங்கவேண்டியது, ஒன்பது பத்துக்கு இருபத்தேழிலேயே நின்றது. அதற்குப் பிறகு ஒரே நேர்கோடு. பத்து மணி, பதினொன்று, ஒரு மணி, மூன்று மணி. அவள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமும் அந்தக் கோட்டில் இருந்தது. பத்து நொடிக்கு ஒரு புள்ளியாக, பால் கெட்டுக்கொண்டிருப்பதை மெஷின் எழுதிவைத்திருந்தது. நாலு மணிக்கு மேல் கோடு சடாரென்று வெளிச்சூட்டுக்கு ஏறியிருந்தது. தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள்.

அறுநூற்று நாற்பது லிட்டர். பால் ஊற்றியவர்கள் முப்பத்தெட்டு பேர்.

அவள் ஆப்பைத் திறந்து பார்த்தாள். கெட்ட பாலுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்ற பழைய விதிப்படி, முப்பத்தெட்டு பேருக்கும் அன்று காலைப் பாலுக்கு நேரே தானாகவே பூஜ்யம் விழுந்திருந்தது. இந்த விதி அவளுக்குத் தெரியாதது இல்லை. நஷ்டம் வந்தால் கம்பெனிக்கு வரும் என்று எண்ணியே இருபது மையங்களைத் தேர்ந்தெடுத்தாள். விதி ஒன்று இருப்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

விக்ரமைக் கூப்பிட்டு இருபது மையங்களுக்கும் உடனே அழைப்பைத் திறந்துவிடச் சொன்னாள். "நான் சொன்னேன்ல" என்று அவன் சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆலங்கரட்டுக்குத் தன் ஸ்கூட்டியிலேயே போனாள். திருமங்கலம் தாண்டி மேற்கே திரும்பி, கருவேலங்காடும் உழுதுபோட்ட கரிசலுமாக இருந்த ரோட்டில் முக்கால் மணி நேரம். மையம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எவர்சில்வர் தொட்டி. பால் ஊற்றும் நேரம் முடிந்திருந்தது. மையம் நடத்துகிற தமிழ்வாணி தொட்டியின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும்.

"நான் ஆபீஸ்ல இருந்து வாரேன். முத்துமீனா."

"கணக்கு மேடமா? வாங்க." தமிழ்வாணி கையைத் துடைத்துக்கொண்டாள். "பேர ஆப்புல பாத்திருக்கேன். நேத்துப் பால் விசயமாத்தான வந்திருக்கீங்க? மேடம், ஒன்னு கேக்கணும். எனக்குப் போன் வரல. எப்பவும் அஞ்சு நிமிசத்துல வந்துரும். கரண்டு போயிட்டு வந்ததுல கம்ப்ரசர் ட்ரிப் ஆகிருச்சு. ஒரு பட்டனை அமுக்குனா ஓடியிருக்கும். என் போன்ல சார்ஜ் இருந்துச்சு, டவரும் இருந்துச்சு. எல்லாத்தையும் பாத்துட்டேன். ஏன் வரல?"

முத்துமீனா வரும் வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தது எதுவும் உதவவில்லை.

"நாங்க நிறுத்திவச்சிருந்தோம்."

"என்னத்த?"

"போன் வர்றத. இருபது மையத்துல. அது இல்லாட்டி என்ன ஆகுதுன்னு பாக்க. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

தமிழ்வாணி குழாயைத் திருகி மூடினாள்.

"எனக்கு அது வேணுமா வேணாமான்னு பாக்கவா?"

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே மேடம்."

அதன்பிறகு அவள் சொன்னதில் பாதி முத்துமீனாவுக்குப் புதிது. தமிழ்வாணி திருமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பகலில் வேலை பார்க்கிறாள். காலைப் பால் முடிந்ததும் ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போனால், சாயங்காலப் பாலுக்கு நாலு மணிக்குத் திரும்பிவிடுவாள். முன்பெல்லாம் அப்படி முடியாது. கரண்டு எப்போது போகும், கம்ப்ரசர் எப்போது நிற்கும் என்று பகல் முழுக்கக் கொட்டகையிலேயே இருக்கவேண்டும். மையத்தில் கிடைக்கிற கமிஷனுக்கு அது கட்டுபடியாகாது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இந்த மையத்தை எடுத்து, ஆறு மாதத்தில் விட்டுவிட்டார்கள்.

"போன் வந்தா எதுத்த வீட்டுல முத்தம்மா மதினிக்குச் சொல்லுவேன். அவுக வந்து பட்டனை அமுக்கிருவாக. அந்தத் தைரியத்துலதேன் வேலைக்குப் போறேன். நேத்துப் பூராம் போனைப் பையில வச்சுக்கிட்டுத்தேன் இருந்தேன். வரல, அப்ப எல்லாம் நல்லா ஓடுதுன்னு நெனச்சேன்."

"முப்பத்தெட்டுப் பேருக்கும் காசு வந்துரும். நான் போட வைக்கிறேன்."

"வரட்டும். ஆனா நேத்து அவுக முன்னாடிதேன் பாலைச் சாக்கடையில தொறந்துவிட்டேன். நான் வேலைக்குப் போனதாலதேன் கெட்டுச்சுன்னு பேசுறாக. காசு வந்தா அந்தப் பேச்சு போயிருமா?" அவள் குரல் உயரவில்லை. "நீங்க செஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் பால் ஊத்த வருவாக. இருந்து சொல்லிட்டுப் போங்க."

முத்துமீனா இருந்தாள். மத்தியானம் தமிழ்வாணி வீட்டில் சோறு போட்டார்கள். அதைச் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. சாப்பிடாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கும் என்று சாப்பிட்டாள். நாலரை மணிக்குத் தூக்குவாளிகளோடு வந்தவர்களிடம், தொட்டி பக்கத்தில் நின்று, நடந்ததைச் சொன்னாள். கிளவுட், சோதனை என்றெல்லாம் சொல்லவில்லை. கூலர் நின்றால் தமிழ்வாணிக்குப் போன் வரும் ஏற்பாட்டைத் தான் நிறுத்தியதாகவும், தமிழ்வாணியிடம் சொல்லாமல் நிறுத்தியதாகவும், தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். ஒரு பெரியவர் காசு என்றைக்கு வரும் என்று கேட்டார். பேச்சி என்ற பெண், "சொல்லாம நிறுத்துனவுக நாளைக்கு அளவுல கை வைக்க மாட்டீகன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாள். "நிச்சயம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா," என்றாள் முத்துமீனா. பேச்சி வாளியை எடுத்துக்கொண்டு, ஊற்றாமலே போய்விட்டாள். அவளோடு அவள் நாத்தனாரும் போனாள்.

அடுத்த நாள் வஹீதிடம் முழுதும் சொன்னாள். அவர் முதலில் கோபப்பட்டது பால் கெட்டதற்கு இல்லை.

"எங்கிட்டச் சொல்லும்போது ஏம்மா ஒரே வரியில சொன்ன? கெட்டா யாரு தலையில விழும்னு நானாவது கேட்டிருப்பேனே."

"நானே அதை யோசிக்கல சார்."

முப்பத்தெட்டு பேருக்கும் அன்றைக்கே இருபத்துமூவாயிரத்துச் சொச்சம் போடச் சொன்னார். விக்ரம் பூஜ்யம் விழும் இடத்தை மாற்றினான். இனி பால் கெட்டால், ஏன் கெட்டது என்று ஒரு ஆள் பார்த்துச் சொன்ன பிறகுதான் கணக்கில் ஏறும்.

சோதனை நின்றுவிட்டது. ஆனால் தமிழ்வாணி சொன்னது முத்துமீனா மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அறுபது மையங்களுக்கும் அவளே போன் போட்டுப் பேசினாள். முப்பத்தாறு பேர் பகலில் வேறு வேலைக்குப் போகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ், தையல், நூறு நாள் வேலை, ஒருத்தி கல்லூரிக்கே போகிறாள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். பிறகு பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். சென்சார் வருவதற்கு முந்தின வருடம் பதினேழு பேர் மையத்தை விட்டுப் போயிருந்தார்கள். கடைசி வருடம் நாலு பேர். ஒரு மையம் கைமாறினால் தினமும் நூற்றைம்பது லிட்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும், பெரும்பாலும் திரும்பி வராது. கெட்டுப்போன பாலின் கணக்கைவிட இது பெரிய கணக்கு. யாரும் பார்க்காத கணக்கு.

அப்படியும் ஒன்பது பைசாவுக்கு அது ஈடாகவில்லை. அதை மறைக்காமல் விக்ரமிடம் சொன்னாள். அவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வந்து, "பத்து நொடிக்கு ஒருமுறை எதுக்குக்கா? பால் அம்புட்டு வேகமாவா சுடுது? ரெண்டு நிமிசத்துக்கு ஒருமுறை போதும்," என்றான். அதில் செலவு இரண்டு பைசாவுக்கு இறங்கியது. இரண்டு பைசாவுக்குத் தாராளமாக ஈடானது.

ஜூன் பத்தாம் தேதி அவள் கொடுத்த அறிக்கை நாலு பக்கம். கடைக் கணிப்பை நிறுத்தலாம், ஆனால் கருத்தக்கண்ணன் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது, அதற்குள் அவர் மண்டையில் இருப்பதை எழுதிவைக்கவேண்டும் என்று ஒரு பக்கம். நாலாம் பக்கத்தில், இந்த அளவெடுப்புக்கு ஆன செலவு என்று தலைப்பிட்டு, ஆலங்கரட்டில் நடந்ததை எழுதியிருந்தாள். கொடுத்த காசு, போன இரண்டு குடும்பங்கள், தினம் பதினொரு லிட்டர். வஹீது படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மடித்துத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

"அடுத்து டீசலப் பாரு. வண்டியில ஜிபிஎஸ் மாட்டியிருக்கமே, அது தேவையான்னு," என்றார்.

"பாக்குறேன் சார். ஆனா டிரைவருங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தான் பாப்பேன்."

"சொன்னா ஒழுங்கா ஓட்டுவாய்ங்களே. கணக்கு தப்பாத்தான வரும்?"

"கொஞ்சம் தப்பா வரட்டும் சார்."

அவர் கொஞ்சம் யோசித்து, சரி என்றார்.

தமிழ்வாணி மையத்தை விடவில்லை. ஒரு வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் கொட்டகையிலேயே இருந்தாள். பிறகு போகத் தொடங்கினாள். பேச்சியின் பால் பக்கத்து ஊரில் வேறு கம்பெனிக்கே போகிறது. ஜூலையில் ஒரு நாள் பதினோரு மணிக்கு ஆலங்கரடு கூலர் மறுபடி நின்றது. முத்துமீனா தற்செயலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பு போனதாகப் பதிவு வந்தது. ஆறு நிமிடத்தில் கோடு இறங்கத் தொடங்கியது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு டீசல் கணக்கைத் திறந்தாள்.